ஓர் அடைவுக்குள் ஒரு கணக்கு: சபரகமுவைத் தோட்ட அலுவலகக் கோப்புகளின் பாதுகாப்பான பரிமாற்றம்

ஒரு சேவையகத்தில் கணக்கு வைத்திருக்கும் பயனர் தமக்கென ஒதுக்கப்பட்ட அடைவுக்குள் மட்டும் கோப்புகளை இடவும் எடுக்கவும் இயலும் என்றும், அதற்கு வெளியே எதையும் காணவோ எந்தக் கட்டளையையும் இயக்கவோ இயலாது என்றும் வரையறுப்பது, கணினி நிருவாகத்தில் இடைவிடாது எழும் தேவைகளுள் ஒன்றாகும். சேவையகம் என்பது பலருடைய பயன்பாட்டுக்காக எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் பொதுக் கணினி. அடைவு என்பது கோப்புகளையும் வேறு அடைவுகளையும் தன்னுள் அடக்கிய கோப்புறை. சொல்லளவில் எளிதாகத் தோன்றும் இத்தேவைக்கு யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் நெடுங்காலம் ஒழுங்கான விடை இருக்கவில்லை. 2008இல் விடை கிடைத்த பின்னரும், அவ்விடையின் உயிர்நிலையான ஒரு விதி பலருக்கு விளங்காமலும், விளங்காத காரணத்தால் மீறப்பட்டும் வருகிறது. அடைக்கப்படுபவரின் கையில் அடைப்பின் எந்தப் பகுதியும் இருக்கக்கூடாது என்பதே அவ்விதி. அதன் பொருளையும் எல்லையையும் சபரகமுவை மாகாணத்துத் தோட்ட அலுவலகங்களின் தேவையோடு பொருத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர், தேயிலைத் தோட்டங்கள் எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, புளத்கொஹுபிட்டிய, இறக்குவானை, பலாங்கொடை எனப் பல பக்கங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. 1992இல் அரசுடைமைத் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, கேகாலை, பலாங்கொடை, கஹவத்தை ஆகிய ஊர்களின் பெயரையே தாங்கிய கம்பனிகளும் உருவாயின. தோட்டம் ஒருபுறமும் தலைமை அலுவலகம் மறுபுறமுமாக அமைந்த இவ்வகை நிருவாகத்தில் கணக்குகள் மாதந்தோறும் பயணம் செய்தாக வேண்டும். ஒரு காலத்தில் கட்டிவைத்த பேரேடுகளாகத் தபாலிலும் ரயிலிலும் சென்றவை, கணினி வந்த பின் கோப்புகளாகச் செல்லத் தொடங்கின. ரம்புக்கனை போன்ற சிறு நகரில் இருந்து கொழும்புக்குக் கோப்பு அனுப்புவது இன்று சில நொடி வேலை. ஆனால் அக்கோப்பு எங்கே போய் அமர்கிறது, அங்கே அதன் அருகில் இருப்பவை எவை, அவற்றை யார் யார் திறக்க முடியும் என்ற கேள்விகளுக்கு வேகம் விடை தருவதில்லை.

அக்கோப்பில் இருப்பது என்ன என்று அறிந்தால்தான் இக்கேள்விகளின் எடை புலப்படும். தோட்டத்தில் நாட்பெயர், அதாவது ஒரு நாள் வேலை, பதியும் ஏடான செக்றோல், காலைக் கூடுகையான பெரட்டுக்கு வந்தவர் யார், முழுநாளுக்குரிய முழுப்பெயரா அரைநாளுக்குரிய அரைப்பெயரா, எத்தனை கிலோ கொழுந்து அல்லது எவ்வளவு இறப்பர்ப் பால் என்பவற்றைப் பதிவதோடு நிற்பதில்லை. சம்பளத்தில் கழிக்கப்படும் முற்பணமும் கடனும், ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி செலுத்தும் 8 வீதமும் முதலாளி செலுத்தும் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி தனியே செலுத்தும் 3 வீதமும் அதிலிருந்தே கணிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தேசிய அடையாள அட்டை இலக்கம் நிற்கிறது. பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும் அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டுகின்றன. பெண்ணாயின் அம்மூன்றிலக்க எண்ணோடு 500 கூட்டப்படுகிறது. இறுதியில் நிற்கும் எழுத்து வாக்குரிமை நிலையைக் குறித்தது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை அந்நிலையின் எச்சங்களோடு போராடிய ஒரு சமூகத்துக்கு, அட்டையின் ஈற்றெழுத்து வெறும் குறியீடாக இருந்ததில்லை. ஆகவே பெயரும் அட்டை இலக்கமும் கொண்ட ஒற்றை வரியே ஒருவருடைய வயதையும் பாலையும் பிற பலவற்றையும் வெளிப்படுத்திவிடும்.

களவு மட்டுமே இதில் அச்சமன்று. பிறப்புப் பதிவில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் செக்றோலில் மூன்றாம் விதமாகவும் எழுதப்பட்ட பெயர்களால், ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் சேமலாப நிதியைப் பெறுவதற்குச் சத்தியக் கடதாசிகளோடு அலைவது தோட்டப்புறத்தில் எவரும் அறிந்த துயரம். எல்லாத் தோட்டங்களும் ஒரே பொது அடைவில் எழுதும் ஏற்பாட்டில், ஒரே பெயரிட்ட இரு மாதக் கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து முந்தியது அழிந்துபோவதற்குக் கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. களைத்த கையொன்றின் ஒரு சொடுக்கு போதும். அப்படி அழிந்த வரவு, இருபது ஆண்டுகள் கழித்து ஒருவர் தம் பணத்தைக் கேட்கும் நாளில்தான் தெரியவரக்கூடும். ஒருவருடைய பிழை அவருடைய அடைவைத் தாண்டாமல் இருப்பது, திருடனைத் தடுப்பதற்கு இணையான பயன் உடையது என்பதைப் பாதுகாப்பு பற்றிய எழுத்துகள் போதிய அளவு வற்புறுத்துவதில்லை.

கோப்புப் பரிமாற்றத்தின் முதல் விதிமுறையான எஃப்.டி.பி., 1971 ஏப்ரலில் அபய் பூஷண் எழுதிய, வலையமைப்பு ஆய்வாளர்களின் ஆவண வரிசையில் 114ஆம் இலக்க ஆவணத்தில் தோன்றியது. அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றியவர் அவர். ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களின் சிறு வலையமைப்புக்காக எழுந்த அவ்விதிமுறையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மறைக்கப்படாத வெற்றெழுத்தாகவே சென்றன. 1985இல் திருத்தி வெளியிடப்பட்ட வடிவத்திலும் அந்நிலை மாறவில்லை. இடையிலுள்ள கம்பியில் காதுவைத்த எவரும் அவற்றைப் படித்துவிடலாம். 1995இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் அவ்வாறே கடவுச்சொற்கள் களவுபோன பின், அங்குப் பணியாற்றிய தாது யூலனென் எஸ்.எஸ்.எச். என்னும் மறையாக்கத் தொடர்புமுறையை உருவாக்கினார். எஃப்.டி.பி.க்குரிய 21ஆம் தொடர்பு வாயிலுக்கும், தொலைவிலுள்ள கணினியில் கட்டளையிட உதவும் டெல்நெட்டுக்குரிய 23ஆம் வாயிலுக்கும் நடுவே வெறுமையாக இருந்த 22ஐ அவர் கேட்டுப் பெற்றார். இம்மறையாக்கப் பாதைக்குள்ளேயே கோப்புகளைக் கையாளும் துணைமுறைதான் எஸ்.எஃப்.டி.பி.; பழைய எஃப்.டி.பி.யின்மேல் மறையாக்கம் போர்த்திய எஃப்.டி.பி.எஸ். இதனின்று முற்றிலும் வேறானது. எஸ்.எஃப்.டி.பி. இணையத் தரநிலையாக ஒருபோதும் இறுதி வடிவம் பெறாமல் வரைவு நிலையிலேயே நின்றுவிட்டது. ஆயினும் அந்த வரைவின் மூன்றாம் பதிப்பையே உலகின் பெரும்பகுதி இன்றும் பயன்படுத்துகிறது.

மறையாக்கம் வழியைப் பாதுகாத்தது. வந்து சேர்ந்தவரின் கால்களை அது கட்டவில்லை. எஸ்.எஸ்.எச். கணக்கு ஒன்று தரப்பட்டால், இயல்பாக அது சேவையகத்தின் கட்டளைக் களத்தையே திறந்துவிடுகிறது. கட்டளைகளைத் தடுத்தாலும், அடைவுகளின் மரம் முழுவதையும் உலாவி, வாசிப்பு அனுமதி உள்ள எதையும் படிக்கலாம். இவ்விடத்தில் உதவிக்கு வந்தது சி.எச்.ரூட் என்னும் பழைய அமைப்பழைப்பு, அதாவது நிரலொன்று இயக்குதளத்தின் கருவிடம் விடுக்கும் வேண்டுகோள். யுனிக்ஸில் எல்லாப் பாதைகளும் சாய்கோட்டால் குறிக்கப்படும் மூல அடைவிலிருந்து கிளைக்கின்றன. ஓடும் நிரல் ஒன்றுக்கு அந்த மூலத்தை வேறோர் அடைவாக மாற்றிக் காட்டுவதே சி.எச்.ரூட்டின் வேலை. அதன்பின் அந்நிரல் எவ்வளவு மேலேறிச் சென்றாலும் புதிய மூலத்துக்கு அப்பால் பாதையே இல்லை. யுனிக்ஸின் ஏழாம் பதிப்பு உருவான 1979 அளவில் பிறந்த இவ்வழைப்பை, 1982இல் பில் ஜாய் பெர்க்லி யுனிக்ஸில் சேர்த்தார். சிறை என்ற அடைமொழி பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டதே ஒழிய, பெர்க்லியில் அது பயன்பட்டது புதிய பதிப்பொன்றைத் தனியிடத்தில் கட்டி நிறுவிப் பார்ப்பதற்காகத்தான். எனவே ரூட் பயனர், அதாவது முழு அதிகாரம் பெற்ற நிருவாகக் கணக்கு, சி.எச்.ரூட்டுக்குள் வைக்கப்பட்டாலும் அதை உடைத்து வெளியேற அறியப்பட்ட வழிகள் உண்டு. அதிகாரம் குறைந்த பயனருக்குத்தான் அது சுவர்.

2008க்கு முன், எஸ்.எஃப்.டி.பி. பயனரை அடைவுக்குள் அடைக்க விரும்பிய நிருவாகி பெரும்பாடு பட்டார். எஸ்.சி.பி.ஒன்லி, ஆர்.எஸ்.எஸ்.எச். போன்ற தனிக் கட்டுப்பாட்டு ஓடுகளை, அதாவது பயனரின் கட்டளைகளைப் பெற்று வடிகட்டும் நிரல்களை, நிறுவி, ஒவ்வொரு பயனரின் அடைவுக்குள்ளும் சேவையகத்தின் சிறு நகல் ஒன்றை, நிரல்களும் நூலகக் கோப்புகளும் சாதனக் கோப்புகளுமாகக் கட்டிவைக்க வேண்டியிருந்தது. மூல நிரல் புதுப்பிக்கப்படும்போது நகல்கள் பழையனவாகவே நிற்கும். பயனர் எத்தனையோ அத்தனை பழங்குறைகள். ஆர்.எஸ்.எஸ்.எச்.இன் குறைபாடுகள் 2019இல் அடுத்தடுத்து வெளிவந்தபோது அதைப் பராமரிக்கவும் ஆளில்லை. 2008இன் தொடக்கத்தில் ஓப்பன் எஸ்.எஸ்.எச்., தன் அமைவுக் கோப்பிலேயே சி.எச்.ரூட் அடைவைக் குறிக்கும் கட்டளையையும், 'இன்டர்னல் எஸ்.எஃப்.டி.பி.' என்னும் உள்ளமைந்த கோப்புச் சேவையையும் தந்தது. கோப்புச் சேவை சேவையக நிரலுக்குள்ளேயே ஓடுவதால் பயனரின் அடைவுக்குள் எந்த நிரலையும் நகலெடுத்து வைக்கத் தேவையில்லாமல் போயிற்று.

அமைவு முறை இதுதான். இவ்வகைப் பயனர்களுக்கென ஒரு குழு உருவாக்கப்படுகிறது. சேவையகத்தின் எஸ்.எஸ்.எச். அமைவுக் கோப்பின் இறுதியில் 'மேட்ச் குரூப்' என்று தொடங்கும் பகுதி ஒன்று எழுதப்பட்டு, அக்குழுவினருக்கு மட்டும் நான்கு செய்திகள் சொல்லப்படுகின்றன: அவர்களின் மூல அடைவு இன்னது, அவர்கள் எதைக் கேட்டாலும் இயங்குவது உள்ளமைந்த கோப்புச் சேவை மட்டுமே, அவர்களின் இணைப்பு வழியாக வேறு கணினிகளுக்குச் சுரங்கம் அமைக்க இயலாது, திரைக்காட்சி கடத்தலும் இல்லை. மேட்ச் பகுதி அடுத்த மேட்ச் வரும்வரையோ கோப்பு முடியும்வரையோ செல்லுபடியாகும் என்பதால், அதைக் கோப்பின் நடுவில் செருகியவர்கள் கீழுள்ள பொதுவிதிகள் சிறுகுழுவுக்கு மட்டும் உரியனவாகச் சுருங்கிப்போனதை அறியாமல் திகைப்பதுண்டு. அமைவுக் கோப்பைச் சோதிக்கும் கட்டளையை ஓட்டிப் பார்க்காமலும், ஏற்கெனவே திறந்துள்ள நிருவாக இணைப்பை மூடிவிட்டும் சேவையை மீளத் தொடங்குவது, வீட்டுக்காரரே வெளியில் நின்று கதவைத் தட்டும் நிலையை உண்டாக்கும்.

இனி அந்த விதி. சி.எச்.ரூட் அடைவும், மூலத்திலிருந்து அதுவரை உள்ள பாதையின் ஒவ்வொரு படியும், ரூட் பயனருக்கே உரிமையாக இருக்க வேண்டும். வேறு எந்தப் பயனரோ குழுவோ அவற்றில் எழுத முடியக்கூடாது. அனுமதி எண்களின் மொழியில் இது பெரும்பாலும் 755 ஆகும்: உரிமையாளர் எல்லாம் செய்யலாம், மற்றவர்கள் படிக்கவும் நுழையவும் மட்டுமே செய்யலாம். பயனர் உண்மையில் கோப்பு இடுவதற்கு, அதனுள் 'வரவு' போன்ற பெயரில் இன்னோர் அடைவு உருவாக்கி, அதை மட்டும் அவருக்கு உரிமையாக்க வேண்டும். தோட்டம் ஒன்றின் கணக்குக்கு இவ்வாறு செய்யப்பட்டதாகக் கொண்டால், அத்தோட்டத்து எழுதுவினைஞர் உள்நுழையும்போது அவர் காண்பது ஒரேயொரு அடைவு. மேலே செல்லும் அம்பை எத்தனை முறை அழுத்தினாலும் அதே இடத்திலேயே நிற்பார். அண்டைத் தோட்டத்தின் பெயர்கூட அவர் கண்ணில் படாது.

இவ்விதியை அறியாதவர் இயல்பாகச் செய்வது, பயனரின் வீட்டு அடைவையே சி.எச்.ரூட் ஆக்குவது, வீட்டு அடைவோ பயனருக்கே உரிமையானது. அப்போது நிகழ்வது மிகுந்த குழப்பத்தைத் தரும். கடவுச்சொல் ஏற்றுக்கொள்ளப்படுகிறது, மறுகணமே இணைப்பு அறுந்துவிடுகிறது. பயனரின் திரையில் காரணம் எதுவும் தோன்றாது. எழுதுவினைஞர் கடவுச்சொல் பிழையென்று எண்ணுவார்; மலைப்பக்கத்துத் தொலைபேசி இணைப்பைக் குறைசொல்வார்; திரும்பத் திரும்ப முயல்வார். சி.எச்.ரூட் அடைவின் உரிமை அல்லது அனுமதி தவறு என்ற ஒற்றை வரி சேவையகத்தின் பதிவேட்டில் மட்டும் எழுதப்பட்டிருக்கும். அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் இல்லாத நிருவாகி, பொறுமையிழந்து அக்கணக்குக்கான கட்டுப்பாட்டையே நீக்கிவிடுகிறார். பல இடங்களில் பாதுகாப்பு கைவிடப்படுவது பகைவரின் திறமையாலன்றி இத்தகைய சோர்வினாலேயே என்பது கருதத்தக்கது.

விதி ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது? மூலமாகக் காட்டப்படும் அடைவில் பயனரே எழுத முடிந்தால், கணினி நம்பிப் படிக்கும் இடங்களைப் பயனரே போலியாகப் படைக்கலாம். யுனிக்ஸ் நிரல்கள் பயனர் பட்டியலையும் அமைவுகளையும் 'இ.டி.சி.' அடைவிலிருந்தும், துணை நூலகங்களை 'லிப்' அடைவிலிருந்தும் தேடுகின்றன. மூலம் மாறிய பின் அத்தேடல் பயனரின் அடைவுக்குள்ளேயே நிகழும். அங்கே பயனர் வைத்த போலி நூலகத்தை இன்னும் உயர் அதிகாரத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஏற்றிக்கொண்டால், சிறைக்குள் இருப்பவருக்கே சாவி கிடைத்துவிடும். இது வெறும் ஊகமன்று. 2011இன் இறுதியில் ஃப்ரீ பி.எஸ்.டி.யின் எஃப்.டி.பி. சேவையிலும் புரோ எஃப்.டி.பி.டி.யிலும் இதே வழியில் ஊடுருவ முடியும் என்று காட்டப்பட்டது. அதையொட்டி வி.எஸ்.எஃப்.டி.பி.டி. என்னும் சேவை, எழுதக்கூடிய மூல அடைவு இருந்தால் இயங்கவே மறுக்கும் வகையில் மாற்றப்பட்டது. ஆனால் அம்மறுப்பை அணைக்கும் ஒற்றை வரி விரைவில் எங்கும் பரவியது. காரணத்தை விளக்காமல் அவ்வரியை மட்டும் கற்பிப்பது தவறான வழிகாட்டல்.

ரம்புக்கனை வட்டாரத்தாருக்கு இவ்விதியை விளக்க ரயில்பாதையே போதும். கொழும்பிலிருந்து வரும் இரட்டைத் தண்டவாளம் ரம்புக்கனையோடு முடிந்து, கடுகண்ணாவையை நோக்கிய ஏற்றத்தில் ஒற்றையாகிறது. மலைநாட்டின் ஒற்றைப் பாதைகளில் ஒரு பகுதிக்குள் நுழையும் ரயிலின் சாரதி டெப்லட் என்னும் வட்டத் தகட்டைப் பெற்றிருக்க வேண்டும் என்பது நெடுங்கால நடைமுறை. அத்தகடு இரு நிலையங்களின் மின்தொடர்புள்ள பெட்டிகளும் இணங்கினாலன்றி வெளிவராது. சாரதி எவ்வளவு நல்லவராயினும் தமக்கான தகட்டைத் தாமே எடுத்துக்கொள்ள முடியாது என்பதில்தான் அவ்வொழுங்கின் வலிமை இருக்கிறது. சி.எச்.ரூட் அடைவின் உரிமையை ரூட்டிடமே வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் அதே சிந்தனையில் பிறந்தது.

கட்டளைக் கட்டுப்பாடு மட்டும் போதும், அடைவு அடைப்பு தேவையில்லை என்று கருதுவோரும் உளர். அக்கருத்தின் பலவீனத்தை 2014இல் யான் ஹார்ன் என்னும் ஆய்வாளர் வெளிப்படுத்தினார். கோப்புச் சேவை மட்டும் அனுமதிக்கப்பட்டு, சி.எச்.ரூட் இல்லாமல் விடப்பட்ட லினக்ஸ் சேவையகத்தில், ஓடும் நிரல்களின் நினைவகத்தையே கோப்பாகக் காட்டும் 'புரொக்' அடைவு பயனருக்கு எட்டும். கோப்பில் எழுதுவதுபோல அந்நினைவகத்தில் எழுதி, தடுக்கப்பட்ட கட்டளைகளை இயக்கிவிடலாம். ஓப்பன் எஸ்.எஸ்.எச். அவ்வழியை அடைத்தது. எனினும் அந்நிகழ்வு கற்பித்தது நிலைத்தது: கோப்பை எழுதும் உரிமை, யுனிக்ஸில், வெறும் கோப்பை எழுதும் உரிமையாக மட்டும் நிற்பதில்லை. மறுதலையாக, அடைப்பு மட்டும் இருந்து சுரங்க அனுமதி மூடப்படாவிட்டால், பயனர் எந்தக் கோப்பையும் தொடாமலே சேவையகத்தின் வழியாக நிறுவனத்தின் உள்வலையை எட்டலாம். இரண்டும் சேர்ந்தே ஓர் ஏற்பாடு.

அடைக்கப்பட்ட கோப்புகளைத் தலைமை அலுவலகம் எவ்வாறு எடுப்பது என்பது அடுத்த சிக்கல். குறியிணைப்பு, அதாவது வேறோர் இடத்தைச் சுட்டும் பெயர்ப்பலகைக் கோப்பு, இங்கே பயன்படாது; மூலம் மாறிய பின் அது சுட்டும் பாதையே இல்லை. தோட்டத்தின் 'வரவு' அடைவுக்கு எழுதுவினைஞரை உரிமையாளராகவும் சம்பளப் பிரிவின் குழுவைக் குழுவாகவும் வைத்து, குழுவுக்குப் படிக்கும் அனுமதி மட்டும் தருவதே தெளிவான முறை. புதிய கோப்புகளும் அதே குழுவுக்கு உரியனவாகும்படி அடைவில் குறியிடவும், உள்ளமைந்த சேவைக்கு அனுமதி வடிகட்டி ஒன்றைக் கொடுக்கவும் முடியும். இதனால் தலைமை அலுவலகம் தோட்டத்தின் கணக்கைப் படிக்கலாம், திருத்த முடியாது. எண்ணொன்று தவறெனக் கண்டால் தோட்டத்துக்கு அறிவித்து அங்கிருந்தே திருத்திய கோப்பைப் பெற வேண்டும். இது வேலையைக் கூட்டும். ஆனால் தொழிலாளியின் நாட்பெயரை எவர் எங்கே மாற்றினார் என்ற கேள்விக்கு விடை இருக்கும். அந்த விடைக்காகக் கூடுதல் வேலை செய்வது தகும்.

உள்நுழையும் சாவியின் இருப்பிடமும் அதேபோல் முக்கியம். எஸ்.எஸ்.எச்.இல் கடவுச்சொல்லுக்குப் பதிலாக இணைச்சாவியையும் பயன்படுத்தலாம். அந்தரங்கச் சாவி பயனரின் கணினியிலும் பொதுச் சாவி சேவையகத்திலும் இருக்கும். பொதுச் சாவிகளின் பட்டியல் இயல்பாகப் பயனரின் வீட்டு அடைவில் வைக்கப்படுகிறது. அதைப் பயனர் எழுதக்கூடிய இடத்தில் விட்டால், ஒருமுறை நுழைந்த திருடன் தன் சாவியையும் அதில் சேர்த்துவிட்டு, கடவுச்சொல் மாற்றப்பட்ட பின்னும் வந்துபோவான். ஆகவே பட்டியலை ரூட்டுக்குரிய தனி அடைவில் வைப்பதே பொருத்தம். பயனரின் பக்கத்தில் வின்எஸ்.சி.பி., ஃபைல்ஸில்லா போன்ற செயலிகள் பரவலாக உள்ளன. முதன்மைக் கடவுச்சொல் இடப்படாத ஃபைல்ஸில்லா, சேமித்த கடவுச்சொற்களை எவரும் எளிதில் மீட்கக்கூடிய வடிவிலேயே கணினியில் வைக்கிறது. பலர் பயன்படுத்தும் அலுவலகக் கணினியில் கடவுச்சொல்லைச் சேமிக்க வேண்டாம் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. முதல் இணைப்பில் செயலி காட்டும் சேவையகச் சாவியின் விரல்தடத்தை எண்ணிப் பாராமல் 'ஆம்' என்று ஏற்பதும் ஆபத்தானது. தலைமை அலுவலகத்திலிருந்து தனியே பெற்ற விரல்தடத்தோடு தொலைபேசியில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதை ஏற்க வேண்டும்.

வேறு வழிகளைப் பொறுத்தவரை நீண்ட ஆய்வு தேவையில்லை. விண்டோஸ் சேவையகத்திலும் 2019 பதிப்பு முதல் ஓப்பன் எஸ்.எஸ்.எச். ஒரு கூறாகக் கிடைக்கிறது, அதிலும் சி.எச்.ரூட் கட்டளை உண்டு. மேகச் சேமிப்புகள் வசதியானவை. ஆனால் பகிர்வு இணைப்பு ஒன்று தவறான கைக்குப் போனால் அதைக் கண்டறிவது கடினம். விலைகொடுத்து வாங்கும் கோப்புப் பரிமாற்ற மென்பொருள்களும் பிழையற்றவை அல்ல: 2023 மே மாதத்தில் மூவ்இட் என்னும் பரவலான மென்பொருளின் வலைப்பக்கக் குறைபாட்டைக் கிளொப் என்னும் கும்பல் பயன்படுத்தி, பல நாடுகளின் நிறுவனங்களிலிருந்து தரவுகளைக் கவர்ந்தது. வலைப்பக்கமும் தரவுத்தளமும் இல்லாத எஸ்.எஃப்.டி.பி. அடைவு, தாக்குவதற்கான பரப்பைச் சிறிதாக வைத்திருக்கிறது என்பதே அதன் பெரும் சிறப்பு.

ஆயினும் அடைப்புக்கு அதன் வரம்புகள் உண்டு. சி.எச்.ரூட் ஓர் இணைப்புமுறைக்கு மட்டும் உரியது. அதே அடைவை வலைச் சேவையகமும் திறந்து, அங்குள்ள பி.எச்.பி. கோப்புகளை இயக்குமாயின், பயனர் ஏற்றிய நிரலொன்று அடைப்புக்கு வெளியே ஓடும். பாடசாலைக்கோ சங்கத்துக்கோ வலைத்தளம் நடத்துவோர் சிலர் இதை மறந்துவிடுகின்றனர். அடைவின் கொள்ளளவையும் அது கட்டுப்படுத்தாது. ஒரு தோட்டத்தின் படங்களும் நகல்களும் வட்டை நிரப்பினால் எல்லாத் தோட்டங்களின் கோப்புகளும் தடைப்படும், எனவே பயனர்வாரி அளவு வரம்பு தனியே இடப்பட வேண்டும். அழிந்ததை அது மீட்டுத் தராது. 2023இல் இலங்கை அரசின் மேகச் சேமிப்பு பணயத் தாக்குதலுக்கு உள்ளானபோது, பாதிக்கப்பட்ட அரசுத் துறைகளின் மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலானவை மீளாமல் போயின. அக்காலப் பகுதிக்குரிய காப்புநகல் இருக்கவில்லை. சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும், சேவையகம் எட்டாத இடத்தில் வைக்கப்பட்ட நகலின் வேலையை அது செய்ய முடியாது.

சட்டத்தின் பக்கமும் பார்க்கத்தக்கது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியற்ற நுழைவைக் குற்றமாக்கியது. நோக்கு நுழைந்தவர்மீது இருந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோக்கை மாற்றி, தரவைத் தம்மிடம் வைத்திருப்போர் தகுந்த தொழில்நுட்ப ஏற்பாடுகளோடு அதைக் காக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. அணுகல் கட்டுப்பாடும் மறையாக்கமும் அவ்வகை ஏற்பாடுகளே. ஓர் அடைவுக்குள் ஒரு கணக்கை அடைப்பது இக்கடமையின் சிறு பகுதிதான். ஆனால் பெருஞ்செலவின்றி, இலவச மென்பொருளைக் கொண்டு, ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய பகுதி. அதைச் செய்யாமைக்குப் பணமில்லை என்பது காரணமாகாது.

நடைமுறையில் பெரிதும் கைவிடப்படுவது கணக்கின் முடிவு. தோட்டத்து எழுதுவினைஞர் ஒருவர் வேறு தோட்டத்துக்கு மாற்றப்படும்போது, 'தோட்டக் கணக்கு' என்று பொதுவாக வைத்த பயனர் பெயரும் அதன் கடவுச்சொல்லும் அவரோடு சென்றுவிடுகின்றன. புதியவருக்கும் அதுவே சொல்லப்படுகிறது. சில ஆண்டுகளில் அதை அறிந்தவர் யார் யார் என்று எவராலும் சொல்ல முடிவதில்லை. கணக்கு தோட்டத்தின் பெயரில் அன்றி ஆளின் பெயரில் இருக்க வேண்டும்; தோட்டத்தின் 'வரவு' அடைவோ அவ்வப்போது பொறுப்பில் உள்ளவரின் உரிமைக்கு மாற்றப்பட வேண்டும். மாற்றல் கடிதம் வெளியாகும் நாளிலேயே அவருடைய பொதுச் சாவி பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, புதியவருடையது சேர்க்கப்பட வேண்டும். அந்நீக்கத்தை யார் செய்வது, செய்ததை யார் சரிபார்ப்பது என்பது சேவையக அறையில் தீர்மானிக்கப்படுவதன்று. மாற்றல் கடிதத்தில் கையொப்பமிடும் மேசையிலேயே அது எழுத்தில் இடம்பெற வேண்டும்.